இரண்டு தயாரிப்புகள் தோற்றுவிட்டன, மூன்றாவதைத் தொடங்கலாமா?

கேள்வி: நானும் என் நண்பர்கள் இருவரும் நான்கு வருடங்களாக ஒரு சிறிய மென்பொருள் நிறுவனம் நடத்துகிறோம். முதலில் வீட்டுச் செலவுக் கணக்குக்கு ஒரு செயலி செய்தோம். இறக்கிக்கொண்டவர்கள் நிறையப் பேர், இரண்டாவது வாரம் திறந்து பார்த்தவர்கள் சொற்பம். எட்டே மாதத்தில் மூடினோம். அடுத்தது சிறிய கிளினிக்குகளுக்கான முன்பதிவு மென்பொருள். இரண்டு வருடம் உழைத்தோம். 31 கிளினிக்குகள் சந்தா கட்டுகின்றன, ஒரு வருடமாகப் புதிதாக யாரும் சேரவில்லை. இருப்பவர்களும் முன்பதிவுப் பக்கத்தைத் தொடுவதே இல்லை. நோயாளிகளுக்கு முந்தின நாள் போகும் நினைவூட்டல் எஸ்.எம்.எஸ்.ஸுக்காக மட்டும் வைத்திருக்கிறார்கள். இப்போது, வேலைக்கு வரும் விண்ணப்பங்களைத் தரம் பிரித்துக் கொடுக்கும் மென்பொருள் ஒன்றைச் செய்யலாம் என்று யோசிக்கிறோம். ஒரு நண்பர், "ஆப்பிள், அமேசான் எல்லாம் தோற்றுத்தானே ஜெயித்தார்கள், இறங்கலாம்" என்கிறார். இன்னொருவர், "நாம் ஆப்பிள் இல்லை" என்கிறார். ஆறு பேர் வேலை பார்க்கிறார்கள், கையில் எட்டு மாதத்துக்குப் பணம் இருக்கிறது. இரண்டாவதை மூடிவிடலாமா? மூன்றாவதில் இறங்கலாமா? ஆட்களிடம் என்ன சொல்வது?

பதில்:

வணக்கம். உங்கள் கடிதத்தை மூன்று முறை படித்தேன். முதல் முறையே ஒரு வரியில் நின்றுவிட்டேன். அதை நீங்கள் ஒரு குறையாகத்தான் எழுதியிருக்கிறீர்கள்: "நினைவூட்டல் எஸ்.எம்.எஸ்.ஸுக்காக மட்டும் வைத்திருக்கிறார்கள்." அந்த வரிக்கு அப்புறம் வருகிறேன். முதலில் உங்கள் நண்பர்கள் இருவருக்கும் நடக்கும் வாதத்தை எடுத்துக்கொள்ளலாம். இருவர் சொல்வதிலும் பாதி உண்மை இருக்கிறது. அதனால்தான் எத்தனை பேர் சேர்ந்து பேசினாலும் அது தீராது.

முதல் நண்பர் சொல்வது சரிதான். ஆப்பிள் தோற்றது, அதுவும் அடுத்தடுத்துத் தோற்றது. 1980இல் அலுவலகங்களுக்காக ஆப்பிள் III என்ற கணினியைக் கொண்டுவந்தார்கள். சத்தம் வரக்கூடாது என்று உள்ளே விசிறியே வைக்கவில்லை. முதலில் போன கணினிகளில் சில்லுகள் இருக்கையை விட்டுத் தளர்ந்தன. கணினியைச் சில அங்குலம் தூக்கி அப்படியே மேசையில் விடுங்கள், சில்லுகள் மறுபடி உட்கார்ந்துகொள்ளும் என்று வாங்கியவர்களுக்கே யோசனை சொல்ல வேண்டி வந்தது. சுமார் 14,000 கணினிகளை மாற்றிக் கொடுத்தார்கள். அடுத்து 1983 ஜனவரியில் லிசா என்ற கணினி வந்தது. திரையில் சன்னல்கள், கையில் மவுஸ், எல்லாம் இருந்தன. விலை 9,995 டாலர். அந்த விலைக்கு வாங்க ஆள் இல்லை.

இரண்டாவது நண்பர் சொல்வதும் சரிதான். அந்த வருடங்களில் ஆப்பிளுக்குச் சோறு போட்டது யார்? ஆப்பிள் II. 1977இல் வந்த அந்தப் பழைய கணினி பின்னால் நின்று விற்றுக்கொண்டே இருந்தது. ஆப்பிள் III போனது, லிசா போனது, சம்பளம் நிற்கவில்லை. அமேசான் 2014இல் ஃபயர் ஃபோனைக் கொண்டுவந்தது. தொலைபேசி நிறுவனத்தின் ஒப்பந்தத்தோடு 199 டாலர் என்று ஜூலையில் விற்கத் தொடங்கியதை செப்டம்பரிலேயே 99 சென்டுக்கு இறக்கினார்கள். அந்தக் காலாண்டில் 17 கோடி டாலரை நஷ்டக் கணக்கில் எழுதினார்கள். எழுதிவிட்டு அடுத்த வேலையைப் பார்த்தார்கள், ஏனென்றால் அவர்களுடைய விற்பனைத் தளத்தில் பணம் வந்துகொண்டே இருந்தது. உங்கள் நிறுவனத்தில் அப்படிப் பின்னால் நிற்கும் ஒன்று இல்லை. எட்டு மாதப் பணம்தான் இருக்கிறது. ஆக, "பெரியவர்களும் தோற்றார்கள்" என்று யார் சொன்னாலும், அந்தத் தோல்விக்கு யார் காசு கட்டினார்கள் என்று கூடவே கேளுங்கள். இன்னொன்றும் உண்டு. இரண்டு தரம் தோற்று மூன்றாவதோடு காணாமல் போன நிறுவனங்களின் கதை உங்கள் நண்பர் காதுக்கு வந்திருக்காது. சொல்வதற்கு அங்கே யாரும் மிஞ்சவில்லை.

சரி, இருவர் சொல்வதும் பாதிதான் என்றால் மீதிப் பாதி எங்கே இருக்கிறது? தோற்ற தயாரிப்பிலிருந்து எதை எடுத்துக்கொண்டு வெளியே வந்தார்கள் என்பதில் இருக்கிறது. நான் இந்தத் துறையில் பார்த்தவரைக்கும், கேட்டவரைக்கும், படிக்கட்டாக ஆன தோல்வி ஒவ்வொன்றிலும் இது இருந்திருக்கிறது. விழலுக்கு இறைத்த நீராகப் போன தோல்விகளில் இது இருந்ததில்லை.

லிசாவையே பாருங்கள். ஒரே வருடத்தில், 1984 ஜனவரியில், மேக்கின்டாஷ் (மேக்) கணினி 2,495 டாலருக்கு வந்தது. அதற்குள் இருந்தது லிசாவில் இருந்த அதே மோட்டோரோலா 68000 சில்லு. திரையில் படம் வரைவதற்காக லிசாவுக்கு எழுதிய நிரல் மேக்குக்கு வந்தது. மவுஸ் வந்தது, மெனு வந்தது. மேக்குக்கான தொடக்க கால மென்பொருட்களை எழுதியதே லிசாவில் உட்கார்ந்துதான். மக்களுக்குப் பிடித்ததை எடுத்துக்கொண்டார்கள், விலையை ஏற்றிய நினைவகத்தையும் மற்ற சுமைகளையும் விட்டுவிட்டார்கள். மேக்கும் முதல் நாளிலிருந்தே ஓஹோ என்று ஓடிவிடவில்லை என்பது வேறு கதை. ஆனால் லிசாவுக்குப் போட்ட உழைப்பு வீணாகவில்லை.

அமேசானில் வெளியாட்கள் வந்து விற்பதும் இப்படி வந்ததுதான். 1999 மார்ச்சில் ஏலப் பகுதி ஒன்று தொடங்கினார்கள், ஈபே என்ற ஏலத் தளத்தோடு போட்டி போட. யாரும் வரவில்லை. அதே வருடம் செப்டம்பரில் இசட்ஷாப்ஸ் என்று இன்னொன்றைத் தொடங்கினார்கள், நிலையான விலையில் யாரும் கடை போடலாம் என்று. அதற்கும் கூட்டம் இல்லை. இங்கே நிறுத்தியிருந்தால் இரண்டு தோல்வி, கணக்கு முடிந்தது. அவர்கள் ஒன்றைக் கவனித்தார்கள். வாங்க வருகிறவர் பொருளைத் தேடித்தான் வருகிறார், அமேசான் தன் பொருளை வைத்திருக்கும் பக்கத்தில்தான் நிற்கிறார். ஏலத்துக்கும் கடைக்கும் தனித்தனி வாசல் வைத்தால் அந்த வாசலுக்கு அவர் ஏன் போக வேண்டும்? 2000 நவம்பரில் வெளி விற்பனையாளரையும் அதே பக்கத்திலேயே உட்கார வைத்தார்கள். விற்பவர்களைச் சேர்ப்பது, அவர்களிடம் கட்டணம் வாங்குவது, இதெல்லாம் தோற்ற இரண்டிலும் ஏற்கெனவே பழகிய வேலை. மாற்றியது இடத்தை மட்டும்தான். இன்று அமேசானில் விற்பனையாகும் பொருட்களில் பாதிக்கு மேல் வெளி விற்பனையாளர்களுடையவை.

உங்கள் நிலைமைக்கு இன்னும் நெருக்கமானது, அலுவலகத்தில் வேலை பார்ப்பவர்கள் தங்களுக்குள் பேசிக்கொள்ளப் பயன்படுத்தும் ஸ்லாக் செயலியின் கதை. டைனி ஸ்பெக் என்ற நிறுவனம் கிளிட்ச் என்று ஒரு இணைய விளையாட்டைச் செய்தது. 2011 செப்டம்பரில் திறந்தார்கள், 2012 டிசம்பரில் மூடினார்கள். விளையாடியவர்களில் சிலர் அதைக் காதலித்தார்கள், ஆனால் அந்தச் சிலர் போதவில்லை. அந்த விளையாட்டைச் செய்தவர்கள் வெவ்வேறு ஊர்களில் இருந்ததால், தங்களுக்குள் பேசிக்கொள்ளவும் பழைய பேச்சைத் தேடி எடுக்கவும் ஒரு கருவியைச் சொந்தமாக ஒட்டுப்போட்டு வைத்திருந்தார்கள். அதை விற்பதற்காக யாரும் செய்யவில்லை. வேலை நடக்க வேண்டும் என்று தேவைக்கேற்ப ஒவ்வொன்றாகச் சேர்த்தது. விளையாட்டை மூடும்போது, இனி எந்த வேலை செய்தாலும் இது இல்லாமல் முடியாது என்று அவர்களுக்கே தெரிந்தது. 2014 பிப்ரவரியில் அது ஸ்லாக் என்று வெளியே வந்தது. 2021இல் சேல்ஸ்ஃபோர்ஸ் என்ற மென்பொருள் நிறுவனம் அதை 2,770 கோடி டாலருக்கு வாங்கியது.

இந்தக் கதைகளைச் சொல்லும்போது ஒரு எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். வெற்றிக்குப் பின்னால் உட்கார்ந்து கதையைத் தைப்பது சுலபம். ஃபயர் ஃபோன் தோற்றதால்தான் நாம் பேசுவதைக் கேட்டுப் பதில் சொல்லும் அமேசானின் எக்கோ ஒலிபெருக்கி பிறந்தது என்று நிறையப் பேர் சொல்லிக் கேட்டிருக்கிறேன். ஃபோன் கடைக்கு வந்தது 2014 ஜூலையில், எக்கோ வந்தது அதே வருடம் நவம்பரில். நான்கு மாதத்தில் அப்படி ஒரு கருவி முளைக்காது, ஃபோன் வெளிவருவதற்கு முன்பே அந்த வேலை ஓடிக்கொண்டிருந்தது. எனவே யாராவது "அந்தத் தோல்வியிலிருந்து இது வந்தது" என்று சொன்னால், எந்த நிரல், எந்தப் பழக்கம், எந்த ஆட்கள் வந்தார்கள் என்று விரலை வைத்துக் காட்டச் சொல்லுங்கள். உங்களுக்கு நீங்களே சொல்லிக்கொள்ளும் கதைக்கும் இதே அளவுகோல்தான். "நிறையக் கற்றுக்கொண்டோம்" என்று மட்டும் சொல்லி, என்ன கற்றோம் என்று ஒரு வாக்கியத்தில் எழுத வரவில்லை என்றால், ஒன்றும் கற்கவில்லை என்றுதான் நான் எடுத்துக்கொள்வேன்.

விரலை வைத்துக் காட்ட முடிகிற ஒன்றைச் சொல்கிறேன். மைக்ரோசாஃப்ட் தொடங்குவதற்கு முன் பில் கேட்ஸும் பால் ஆலனும் டிராஃப்-ஓ-டேட்டா என்று ஒரு சின்னத் தொழில் செய்தார்கள். சாலையில் எத்தனை வண்டி போகிறது என்று எண்ணும் பெட்டிகளின் காகித நாடாவைப் படித்துக் கணக்கு சொல்லும் இயந்திரம் அது. தொழிலாகப் பார்த்தால் ஒன்றுமில்லாமல் போனது. ஆனால் அதற்காக இன்டெல் 8008 சில்லுக்கு நிரல் எழுத வேண்டியிருந்தது. அந்தச் சில்லு போலவே நடந்துகொள்ளும் ஒரு நிரலை ஆலன் பெரிய கணினி ஒன்றில் எழுதினார். 1975இல் ஆல்டேர் கணினிக்கு பேசிக் மொழி எழுதும் வாய்ப்பு வந்தபோது அந்தக் கணினி அவர்கள் கையில் இல்லை. பழைய வேலையை வைத்து 8080 சில்லைப் பெரிய கணினியில் போலியாக ஓடவிட்டு, நேரில் பார்க்காத இயந்திரத்துக்கு நிரல் எழுதி முடித்தார்கள். வண்டி எண்ணும் இயந்திரத்திலிருந்து கிளம்பி வந்த உருப்படி அது.

இனி என் கதை ஒன்று. பல வருடங்களுக்கு முன் நான் வேலை பார்த்த ஒரு நிறுவனத்தில், பழுது பார்க்கும் மையங்களுக்காக ஒரு மென்பொருள் செய்தோம். தயாரிப்புப் பொறுப்பு என்னுடையது. பதினான்கு மாத வேலை. டெமோ காட்டிய இடத்தில் எல்லாம் தலையாட்டினார்கள், கொஞ்சம் பேர் வாங்கவும் செய்தார்கள். மூன்று மாதத்தில் ஒவ்வொருவராகக் கழன்றுகொண்டார்கள். நாங்கள் அலுவலகத்தில் உட்கார்ந்து விலை அதிகமோ, நிறம் சரியில்லையோ என்று பேசிக்கொண்டிருந்தோம். ஒரு நாள் மனசு கேட்காமல் ஒரு மையத்துக்குப் போய், முகப்பில் இருந்த பெண்ணுக்குப் பக்கத்தில் ஒரு முக்காலி போட்டு நாள் முழுக்க உட்கார்ந்தேன்.

காலையிலிருந்து அவர் எங்கள் திரையைத் தொடவே இல்லை. ஒரு கோடு போட்ட நோட்டு வைத்திருந்தார். வருகிறவர் பெயர், ஃபோன் எண், என்ன பழுது, மூன்றையும் அதில் எழுதுவார். இழுப்பறையிலிருந்து எண் அடித்த ஒரு அட்டையை எடுத்து நூலால் கருவியில் கட்டுவார். அதே எண் போட்ட இன்னொரு அட்டையைக் கிழித்து வாடிக்கையாளரிடம் கொடுப்பார். ஒரு நிமிடம்கூட ஆகாது. மாலை ஐந்தரைக்குக் கூட்டம் வடிந்த பிறகு, நோட்டைப் பார்த்து எங்கள் மென்பொருளில் எல்லாவற்றையும் ஏற்றினார். ஏன் அப்போதே ஏற்றவில்லை என்று கேட்டேன். "சார், இது முதலில் சீரியல் நம்பர் கேட்குது. அது கருவிக்கு அடியில இருக்கும், பாதி அழிஞ்சிருக்கும். அதைப் பார்த்து அடிக்கிறதுக்குள்ள பின்னால நாலு பேர் நின்னுருவாங்க."

சீரியல் எண்ணைக் கட்டாயமாக்கியது நான். அறிக்கை சுத்தமாக வர வேண்டும் என்பதற்காக. அந்த மையத்தின் உண்மையான சாவி அவர் நூலில் கட்டிய அட்டை எண். எங்கள் மென்பொருளில் அந்த எண்ணை எழுத ஒரு கட்டம்கூட இல்லை. அவர் அதைக் "குறிப்பு" என்ற இடத்தில் தட்டிக்கொண்டிருந்தார்.

அந்தத் தயாரிப்பைக் காப்பாற்ற முடியவில்லை. அதற்குள் பணம் போய்விட்டது, மேலிடத்தின் பொறுமையும் போய்விட்டது. ஆனால் அப்புறம் நான் பொறுப்பேற்ற எந்தத் தயாரிப்பிலும், வாடிக்கையாளரின் மேசையில் நம் திரைக்குப் பக்கத்தில் வேறு என்ன இருக்கிறது என்று பார்க்காமல் முடிவெடுத்ததில்லை. நோட்டு இருக்கும், துண்டுச்சீட்டு இருக்கும், வாட்ஸ்அப் குழு இருக்கும். நாம் செய்யத் தவறியது அங்கேதான் இருக்கும். அதேபோல், நம் மென்பொருளில் ஒரு மூலையை மட்டும் பிடித்துக்கொண்டு மற்றதை விட்டுவிட்டார்கள் என்றால், நாம் நம்மை அறியாமல் சரியாகச் செய்தது அந்த மூலை.

இப்போது அந்த எஸ்.எம்.எஸ்.ஸுக்கு வருகிறேன். 31 கிளினிக்குகள் ஒரு வருடமாக, நீங்கள் புதிதாக எதுவும் செய்யாமலேயே, மாதா மாதம் காசு கட்டுகின்றன. முன்பதிவு அவர்களுக்குத் தேவைப்படவில்லை, ஃபோன் வந்தால் எடுத்து நோட்டில் எழுதிக்கொள்வது அவர்களுக்கு இன்னும் சுலபம். ஆனால் நேரம் வாங்கிக்கொண்டவர் வராமல் போனால் அந்த நேரம் வீண், அதை எந்த நோட்டும் தடுக்காது. அந்த இடத்தில் உங்கள் நினைவூட்டல் ஏதோ வேலை செய்கிறது. என்ன வேலை, எவ்வளவு வேலை என்பது எனக்குத் தெரியாது, கடிதத்தைப் பார்த்தால் உங்களுக்கும் தெரியாது. அதைத் தெரிந்துகொள்ளாமல் அந்தத் தயாரிப்பை மூடக்கூடாது. அதைத் தெரிந்துகொள்ளாமல் மூன்றாவதில் இறங்கவும் கூடாது. விண்ணப்பத் தரம் பிரிப்பு நல்ல யோசனையா என்பதை நான் பேசவே போவதில்லை. முதல் இரண்டிலிருந்து அதற்குள் ஒரு பொருளும் வரவில்லை. வாடிக்கையாளர் வேறு, தேவை வேறு, நிரல் வேறு. அது மூன்றாவது படி ஆகாது, மறுபடி முதல் படி. கையில் எட்டு மாதம் மட்டும் இருக்கும்போது முதல் படிக்கு நான் உங்களை அனுப்ப மாட்டேன்.

நீங்கள் செய்ய வேண்டியது என்று நான் நினைப்பது இது. அடுத்த மூன்று வாரத்துக்கு நிரல் எழுதுவதை நிறுத்துங்கள். 31இல் ஒரு பத்து கிளினிக்குகளுக்கு நேரில் போங்கள், ஒவ்வொன்றிலும் அரை நாளாவது முகப்பில் உட்காருங்கள். எதையும் விற்காதீர்கள், எதையும் விளக்காதீர்கள். டாக்டரிடம் கருத்துக் கேட்டால் மரியாதைக்கு நல்லதாகத்தான் சொல்வார், அது உதவாது. முகப்பில் இருப்பவரின் கையைப் பாருங்கள். நினைவூட்டல் போன பிறகு நோயாளி வரமுடியாது என்றால் என்ன நடக்கிறது? அந்த எஸ்.எம்.எஸ்.ஸுக்கு அவர் பதில் அனுப்பினால் அது எங்கே போகிறது? காலியான நேரத்துக்கு வேறு யாரையாவது கூப்பிடுகிறார்களா, யாரைக் கூப்பிடுவது என்ற பட்டியல் எங்கே இருக்கிறது? உங்கள் அடுத்த தயாரிப்பு என்று ஒன்று இருந்தால், அது இந்த மூன்று கேள்விகளுக்கு நடுவில் இருக்க வாய்ப்பு அதிகம்.

பார்த்துவிட்டு வந்தபின், முன்பதிவுப் பகுதியைக் கழற்றிவிட்டு நினைவூட்டலையும் அதைச் சுற்றிக் கண்டதையும் மட்டும் தனியாக விலை வைத்துப் பாருங்கள். இருப்பவர்களிடம் புதிய விலையைச் சொல்லுங்கள். உங்களிடம் இதுவரை வராத கிளினிக்குகளிடமும் சொல்லுங்கள், அது இன்னும் முக்கியம். "நல்லா இருக்கு" என்பது பதில் ஆகாது. காசு கட்டினால் பதில். மூன்று மாதம் முடியும் தேதியை இன்றே காகிதத்தில் எழுதி, அதற்குள் எத்தனை புதிய கிளினிக் சேர்ந்தால் தொடர்வது, சேராவிட்டால் தலைமுழுகுவது என்று மூவரும் கையெழுத்துப் போடுங்கள். எண்ணிக்கையை நீங்களே தீர்மானியுங்கள், ஆனால் இன்றே தீர்மானியுங்கள். அந்தத் தேதி வந்தபின் தீர்மானிக்க உட்கார்ந்தால் மனசு இன்னும் ஒரு மாதம், இன்னும் ஒரு மாதம் என்றுதான் கேட்கும். போட்ட காசும் போன இரண்டு வருடமும் அப்படிப் பேச வைக்கும். எனக்கும் அது நடந்திருக்கிறது.

"ஆனால் விடாப்பிடியாக நின்று ஜெயித்தவர்களும் இருக்கிறார்களே" என்று முதல் நண்பர் கேட்பார். இருக்கிறார்கள். விண்டோஸின் முதல் பதிப்பு 1985 நவம்பரில் வந்தது. மெதுவாக ஓடியது, ஒரு சன்னல் மேல் இன்னொரு சன்னலை வைக்கக்கூட முடியாது. 1987இல் இரண்டாம் பதிப்பு. 1990 மே மாதம் மூன்றாம் பதிப்பு வந்த பிறகுதான் உலகம் திரும்பிப் பார்த்தது. ஐந்து வருடத்தில் விண்டோஸ் தேறியது, அதை ஓட்டும் சக்தியுள்ள கணினிகளும் மேசைகளுக்கு வந்து சேர்ந்தன. அதுவரை மைக்ரோசாஃப்டின் பழைய இயங்குதளமான டாஸ் விற்ற பணம் தாங்கியது. காத்திருந்தால் வெளியே ஏதாவது உங்களுக்குச் சாதகமாக மாறப்போகிறது, அதுவரை தாங்கப் பணம் இருக்கிறது, இந்த இரண்டும் இருந்தால் காத்திருப்பதில் அர்த்தம் உண்டு. கிளினிக் முன்பதிவு விஷயத்தில் இரண்டுமே எனக்குத் தெரியவில்லை.

நிண்டெண்டோ நிறுவனத்தின் வீ யூ என்ற வீடியோ விளையாட்டுப் பெட்டியையும் இந்த இடத்தில் சொல்லலாம். 2012இல் வந்தது, மொத்தமாக 1 கோடியே 36 லட்சம் வரை விற்று நின்றது. அதற்கு முந்தைய வீ 10 கோடிக்கு மேல் விற்றிருந்ததால் அது பெரிய அடி. கையில் பிடிக்கும் திரையோடு வந்த கருவி அது, ஆனால் அந்தத் திரையை எடுத்துக்கொண்டு பெட்டியை விட்டு அதிக தூரம் போக முடியாது. 2017இல் வந்த ஸ்விட்ச்சில் பெட்டியே கைக்குள் வந்துவிட்டது, எங்கும் கொண்டுபோகலாம். அதோடு, வீ யூவுக்காக வந்த மரியோ கார்ட் 8 விளையாட்டைச் சற்று மெருகேற்றி ஸ்விட்ச்சுக்குக் கொண்டுவந்தார்கள். ஸ்விட்ச்சில் அதிகம் விற்ற விளையாட்டு அதுதான். வீ யூவைத் தூக்கிப்பிடித்துக்கொண்டே இருந்திருந்தால் அந்த விளையாட்டு அதோடு புதைந்திருக்கும்.

ஒருவேளை மூட வேண்டி வந்தால், எப்படி மூடுகிறீர்கள் என்பதும் முக்கியம். அந்த 31 பேர் உங்களை நம்பிக் காசு கட்டியவர்கள். அவர்களில் பலர் உங்கள் அடுத்த தயாரிப்புக்கும் முதல் வாடிக்கையாளர் ஆகலாம். மூன்று மாதமாவது முன்கூட்டிச் சொல்லுங்கள். அவர்களுடைய பட்டியலை அவர்களே எடுத்து வேறு இடத்தில் ஏற்றிக்கொள்ளும் வடிவத்தில் கொடுங்கள். முன்பணமாக வாங்கிய சந்தாவில் மீதியைக் கேட்காமலே திருப்பிக் கொடுங்கள். நோயாளிகளின் பெயரும் எண்ணும் உங்கள் சர்வரில் கிடக்கக்கூடாது, ஒப்படைத்தபின் அழித்துவிட்டு, அழித்ததை எழுத்தில் சொல்லுங்கள். கிளிட்ச்சை மூடியபோது பணம் கட்டி விளையாடியவர்களுக்குத் திருப்பிக் கொடுத்தார்கள். வேலை போனவர்களின் விவரத்தை ஒரு பக்கத்தில் போட்டு, இவர்களை எடுத்துக்கொள்ளுங்கள் என்று வெளியே கேட்டார்கள். பின்னால் விளையாட்டின் ஓவியங்களையும் நிரலையும் யாரும் பயன்படுத்தலாம் என்று பொதுவில் விட்டார்கள். ஸ்லாக் அவ்வளவு பெரிதாகும் என்று தெரியாத காலத்திலேயே அப்படி நடந்துகொண்டார்கள். எனக்கு அந்தக் கதையில் மிகவும் பிடித்த பகுதி இதுதான்.

கடைசியாக ஆட்களிடம் என்ன சொல்வது என்று கேட்டிருந்தீர்கள். எல்லாவற்றையும் சொல்லுங்கள், இந்த வாரமே சொல்லுங்கள். எட்டு மாதப் பணம் இருப்பதையும், மூன்று மாதத் தேதியையும், நீங்கள் எழுதிய எண்ணிக்கையையும். ஆறு பேர் இருக்கும் அறையில் ரகசியம் என்று ஒன்று கிடையாது, மூன்று முதலாளிகளும் கதவைச் சாத்திக்கொண்டு பேசுவதை அவர்கள் ஏற்கெனவே பார்த்துக்கொண்டுதான் இருப்பார்கள். சொன்னதும் ஒருவர் இருவர் வேறு வேலை தேடலாம். தேடட்டும், அது அவர்கள் உரிமை. கடைசி மாதம் வரை மறைத்து வைத்துப் பிறகு வாசலைக் காட்டுவதைவிட இது எவ்வளவோ மேல்.

அந்த ஆறு பேரில் கிளினிக்குகளிலிருந்து வரும் புகார் அழைப்பை எடுப்பவர் ஒருவர் இருப்பார். முதல் கிளினிக்குக்குப் போகும்போது அவரைக் கூட்டிக்கொண்டு போங்கள். முகப்பில் இருப்பவர்களுக்கு உங்கள் மூவரையும் தெரியாது, அவர் குரலைத்தான் தெரியும். அவரிடம் பேசுவது போல உங்களிடம் பேச மாட்டார்கள். அவரைப் பேசவிட்டு நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்து நோட்டைப் பாருங்கள்.